இதயச் செல்லில் கசியும் கால்சியம்: மரபணு சிகிச்சை எங்கே கை வைக்கிறது?

காரைக்குடியில் அயனி (மின்சுமை ஏறிய அணு) என்றால் யாரும் மிரள மாட்டார்கள். 1948இல் அடிக்கல் நாட்டிய இங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியில் இன்றுவரை நடப்பது அயனிகளையும் மின்கலங்களையும் பற்றிய ஆராய்ச்சிதானே. இதயத் துடிப்பும் அயனிகளின் வேலைதான். சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றும் செல்சவ்வைக் கடந்து போய்வருவதில்தான் அந்த மின்சாரம் பிறக்கிறது.

இதயம் பலவீனமான ஒருவர் இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் ஒரு கேள்வி உண்டு. "ஐயா மாத்திரையெல்லாம் தவறாமல்தான் சாப்பிடுகிறார், அப்புறம் ஏன் திடீரென்று துடிப்பு தாறுமாறாகிறது?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் செல்லுக்குள் இருக்கிறது.

ஒவ்வொரு துடிப்பின்போதும் கொஞ்சம் கால்சியம் வெளியிலிருந்து செல்லுக்குள் நுழைகிறது. அது உள்ளே இருக்கும் கால்சியம் கிடங்கின் கதவைத் திறந்துவிடுகிறது. ரையனோடின் ஏற்பி என்பது அந்தக் கதவின் பெயர். கிடங்கிலிருந்து கால்சியம் பாய்ந்ததும் தசை சுருங்குகிறது. பிறகு செர்கா 2ஏ என்ற புரதம் அதில் பெரும்பகுதியை மறுபடி கிடங்குக்குள் இறைத்துவிட, தசை தளர்கிறது. பலவீனமான இதயத்தில் செர்கா குறைந்துவிடுகிறது, கதவும் சரியாக மூடுவதில்லை. மடை பழுதான கண்மாய் மாதிரி, யாரும் திறக்காமலே கசிவு நடக்கிறது.

கசிந்த கால்சியத்தைச் செல் வெளியே தள்ளியாக வேண்டும். ஒரு கால்சியம் வெளியேறும்போது மூன்று சோடியம் உள்ளே வருகிறது. கால்சியத்துக்கு இரண்டு நேர்மின்சுமை, மூன்று சோடியத்துக்கும் சேர்த்து மூன்று. ஆக, ஒவ்வொரு முறையும் ஒரு நேர்மின்சுமை உள்ளே மிஞ்சுகிறது. இது சேர்ந்துகொண்டே போனால், கேட்காத நேரத்தில் ஒரு துடிப்பு கிளம்பிவிடும். பக்கத்துச் செல்களை இணைக்கும் கனெக்சின் 43 என்ற புரதமும் இந்த நோயில் குறைவதால், அந்தத் துடிப்பு நேராகப் பரவாமல் இதயத் தசையில் உள்ள தழும்பைச் சுற்றிச் சுழல ஆரம்பிக்கலாம். உயிருக்கு ஆபத்து அங்கேதான்.

மிகைத் துடிப்பை மருந்தால் அடக்கினால் போதும் என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு அப்படிச் சில மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தபோது இறப்பு கூடியது என்று 1989இல் தெரியவந்தது. மின்னதிர்ச்சி தந்து துடிப்பைச் சீராக்கும் ஐ.சி.டி. கருவி 1980இல் முதன்முதலாக மனிதருக்குள் பொருத்தப்பட்டது. உயிர் காக்கும் கருவிதான், ஆனால் கசிவை அது நிறுத்தாது. அதற்காக அதை விட்டுவிடக் கூடாது. மாத்திரையும் மருத்துவர் சொன்ன தேதியில் கருவிப் பரிசோதனையும் அவசியம், மதுரை வரை போக வேண்டியிருந்தாலும் சரி.

கசிவு இருக்கும் இடத்திலேயே கை வைக்கப் பார்ப்பது மரபணு சிகிச்சை. நோய் உண்டாக்காத ஏ.ஏ.வி. வைரஸின் கூட்டுக்குள் தேவையான மரபணுவை வைத்து இதயத்துக்குள் அனுப்புகிறார்கள். கூடு மிகச் சிறியது, சுமார் 4,700 டி.என்.ஏ. எழுத்துகள்தான் கொள்ளும். ரையனோடின் கதவுக்கான மரபணுக் குறிப்பு கிட்டத்தட்ட 15,000 எழுத்து, எனவே நுழையாது. செர்காவுக்கு 3,000 போதும். அதனால்தான் இறைக்கும் புரதத்தைக் கூட்டும் வழியில் முதலில் இறங்கினார்கள். எலிகளில் கசிவும் துடிப்புக் கோளாறும் குறைந்தன (2011). மாரடைப்பு உண்டாக்கிய பன்றிகளுக்குக் கனெக்சின் 43 மரபணுவைக் கொடுத்தபோதும் ஆபத்தான வேகத் துடிப்பு குறைந்தது (2012).

மனிதரிடம் கதை வேறு. கியூபிட் 2 என்ற ஆய்வில் 250 இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு இதயத் தமனி வழியே செர்கா மரபணுவையோ போலி மருந்தையோ செலுத்தினார்கள். 2016இல் முழு முடிவு வெளியானது: பலன் இல்லை. ஆனால் பிறகு இதயத் திசுவைச் சோதித்தபோது மரபணு மிகக் குறைவாகவே போய்ச் சேர்ந்திருந்தது. ஆகவே யோசனையே தவறு என்று சொல்லிவிட முடியாது என்பது என் கருத்து. மருந்து போதிய அளவு போய்ச் சேரவே இல்லை.

வேலூர் சி.எம்.சி.யில் கடுமையான ஹீமோஃபீலியா (இரத்தம் சரியாக உறையாத நோய்) உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை கொடுத்து இரத்தக்கசிவை நிறுத்தியதாக 2024இல் அறிவித்தார்கள். அங்கே இரத்தத்தின் மூலச்செல்களை வெளியே எடுத்து, மரபணுவைச் சேர்த்து, திரும்பச் செலுத்த முடிந்தது. இதயத்தை அப்படி வெளியே எடுத்து வைக்க முடியாது. துடித்துக்கொண்டிருக்கும்போதே கோடிக்கணக்கான செல்களை எட்ட வேண்டும். போதாக்குறைக்கு நம்மில் பலரின் உடலில் ஏ.ஏ.வி.க்கு எதிரான எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருக்கிறது, கூடு இதயத்தை எட்டுமுன்பே அது முடக்கிவிடும். மரபணு திட்டுத்திட்டாகச் சேர்ந்தாலும் சிக்கல்: ஒரு பகுதி ஒரு மாதிரியும் அடுத்த பகுதி வேறு மாதிரியும் மின்சாரத்தைக் கடத்தினால் அதுவே புதிய துடிப்புக் கோளாறுக்கு வழியாகலாம். எனவே இதயத் தசையைத் தேடிப் போகும் புதிய கூடுகளை உருவாக்குவதிலும், மரபணுவை எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்புவதிலும்தான் இப்போது ஆய்வாளர்களின் கவனம் இருக்கிறது.