குழாய்க்குள் காங்கிரீட் எப்படி நகர்கிறது?

2008இல், துபாயில் புர்ஜ் கலீஃபா எழும்பிக்கொண்டிருந்தபோது, தரையில் நின்ற பம்ப் காங்கிரீட்டை 606 மீட்டர் உயரத்துக்கு ஏற்றியது. அத்தனை உயரத்துக்குக் குழாயில் நிற்கும் காங்கிரீட்டின் எடையைத் தாங்கவே காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 140 மடங்கு அழுத்தம் வேண்டும். குழாய்ச் சுவரின் உராய்வை வெல்வதற்கு ஆகும் அழுத்தம் தனி.

தண்ணீர் எவ்வளவு குறைந்த அழுத்தத்துக்கும் கொஞ்சமாவது ஓடும். காங்கிரீட் ஓடாது. தன் அடுக்குகளை வழுக்கச் செய்யும் விசை ஓர் எல்லையைத் தாண்டும்வரை, பிதுக்காத பற்பசை போல அது அப்படியே நிற்கும். தாண்டிய பிறகுதான் இளகும். 1916இல் களிமண் குழம்புகளை ஆராய்ந்து இந்த நடத்தையை விளக்கியவர் அமெரிக்க வேதியியலாளர் யூஜீன் பிங்ஹாம். அதனால் இவற்றைப் பிங்ஹாம் பாய்மங்கள் என்கிறார்கள்.

சரி, குழாய்க்குள் அந்த விசை எங்கே அதிகம்? சுவரை ஒட்டிய இடத்தில். நடுமையத்தில் அது பூஜ்யம். ஆகவே பம்ப் எவ்வளவு அழுத்தினாலும் நடுப்பகுதியில் எல்லை தாண்டப்படுவதில்லை. அங்கே கலவை இளகாமல் ஒரே உருளையாக நகர்கிறது. அழுத்தம் கூடக்கூட உருளை மெலியும், ஆனால் முழுதாக மறையாது.

125 மில்லிமீட்டர் விட்டமுள்ள, தரையில் கிடக்கும் குழாய், 100 மீட்டர் நீளம், அந்த எல்லை 500 பாஸ்கல் என்று வையுங்கள். கலவை அசையத் தொடங்கவே 16 பார் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு காற்றழுத்தம்) அழுத்தம் ஆகிறது. குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால் அது 32 பார்.

உண்மையில் காங்கிரீட்டுக்கு இன்னொரு உதவி கிடைக்கிறது. இந்த விஷயத்தில் என்னை அதிகம் கவர்வது இதுதான். ஜல்லி சுவரோடு நெருக்கமாக அடுக்க முடியாது. உராய்வும் அதை உள்நோக்கித் தள்ளுகிறது. சுவரோரம் சிமென்டும் பொடி மணலும் தண்ணீரும் சேர்ந்த, சில மில்லிமீட்டரே தடித்த வழுவழுப்பான படலம் உருவாகிறது. நடு உருளை அதன்மேல் சறுக்கிக்கொண்டு போகிறது. பம்ப் போடுமுன் குழாயில் சிமென்ட் பால் விடுவது இந்தப் படலத்துக்கு அடிபோடத்தான்.

அதனால்தான் கலவை கெட்டியாக இருக்கிறதென்று தளத்தில் தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. காங்கிரீட்டின் வலு குறைவது ஒரு பக்கம். அழுத்தம் ஏறும்போது அந்த உபரித் தண்ணீர் ஜல்லி இடுக்குகள் வழியே முன்னால் ஓடிவிடும். பின்தங்கிய ஜல்லி ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். பெரும்பாலும் வளைவிலோ விட்டம் குறுகும் இடத்திலோ பைப் அடைத்துக்கொள்ளும். அப்புறம் பம்ப் அழுத்த அழுத்த அடைப்பு இன்னும் இறுகும். சிமென்ட் துகள்களைப் பிரித்து வைக்கும் அட்மிக்சர் என்ற வேதிப்பொருளைச் சரியான அளவில் சேர்த்தால், தண்ணீர் கூட்டாமலே கலவை இளகும்.

ஓட்டம் நின்றாலும் சிக்கல்தான். சும்மா இருக்கும் கலவைக்குள் துகள்கள் மெல்லப் பிணைந்து, அந்த எல்லை நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். மறுபடி கிளப்ப முன்பைவிட அதிக அழுத்தம் கேட்கும். அடுத்த வண்டி தாமதமானால் பம்ப் ஓட்டுபவர் சும்மா இருப்பதில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை கலவையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, மறுபடி முன்னுக்குத் தள்ளி, அந்தப் பிணைப்பை உடைத்துக்கொண்டே இருப்பார்.