பாலம் தயார், ஏறத்தான் வழியில்லை

தண்டவாளத்துக்கு மேலே பாலம் நிற்கிறது, இரண்டு பக்கமும் சாலை இல்லை. ஒரே அரசாங்கம்தானே, சேர்ந்து கட்ட மாட்டார்களா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

ஒரே அரசாங்கமா? தண்டவாளத்துக்கு நேர்மேலே உள்ள பகுதி ரயில்வேயின் வேலை. அணுகுசாலை பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. நிலம் எடுப்பது வருவாய்த் துறை. மூன்று கோப்புகள், இரண்டு கஜானாக்கள்.

டெல்லியில் அமைப்புகளை மாற்றிப் பார்த்தார்கள். 2015இல் திட்டக் குழு போய் நிதி ஆயோக் வந்தது. 1924 முதல் தனியாக இருந்த ரயில்வே பட்ஜெட் 2017இல் பொது பட்ஜெட்டோடு கலந்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் கதிசக்தி திட்டத்தின் வழி வேறு. துறைகளை அப்படியே விட்டுவிட்டு, முதலில் 16 அமைச்சகங்களின் வரைபடங்களை ஒரே கணினித் திரையில் அடுக்கினார்கள். சாலை ஓர் அடுக்கு, எரிவாயுக் குழாய் ஓர் அடுக்கு, காடு இன்னோர் அடுக்கு. புதிய பாதையைக் கோடாக வரைந்தால் அது எதையெல்லாம் வெட்டுகிறது என்று உடனே தெரியும்.

அடுக்குவது சுலபம் என்று தோன்றும். அங்கேதான் விஷயமே இருக்கிறது! அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் தாமாக ஓர் இடத்தைக் காட்டுவதில்லை. பூமியை எந்த வடிவமாக வைத்துக்கொண்டு அளந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1802இல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலை அருகே, மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான அடிக்கோட்டை அளந்து தொடங்கிய பெரும் நில அளவையின் கணக்குகளுக்கு, அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் ஒரு வடிவத்தைக் கொடுத்தார். துருவங்களில் சற்றுத் தட்டையான அந்த உருண்டை இந்தியப் பரப்போடு கச்சிதமாகப் பொருந்தும்படி நிறுத்தப்பட்டது. அதனால் அதன் மையம் பூமியின் உண்மையான மையத்திலிருந்து அரைக் கிலோமீட்டருக்கும் அதிகமாக விலகி நிற்கிறது. ஜி.பி.எஸ். பயன்படுத்தும் வடிவமோ பூமியின் மையத்திலேயே அமர்ந்தது. பழைய வரைபடத்தில் படித்த எண்களை மாற்றாமல் ஜி.பி.எஸ்.ஸில் போட்டால், சென்னைப் பக்கம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்போம். திரையில் குழாய் வயலுக்கு அடியில் ஓடும். தரையில் தோண்டினால் சாலைக்கு அடியில் இருக்கும்.

அடிக்கல் நாட்ட நல்ல நேரம் பார்ப்பவர்கள், இந்த எண்களைத் திருத்தும் நில அளவையாளர்களுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

வாசகரின் பாலத்துக்கு வருவோம். அணுகுசாலை யாருடைய நிலத்தில் இறங்கும் என்பதை, நில ஆவண அடுக்கு சரியாக இருந்தால், வரைபடம் முன்கூட்டியே சொல்லிவிடும். அந்த நிலத்துக்கு இழப்பீடு தரும் உத்தரவும் ரயில்வேயின் டெண்டரும் ஒரே ஆண்டில் வரவைக்க வரைபடத்தால் முடியாது. அது இன்னும் இரண்டு கஜானாக்களின் சமாச்சாரம்தான்.