ஏசியில் கேஸ் தீராது, கசியும்

முகூர்த்த மாதம் நெருங்கினால் போதும், கும்பகோணம், மயிலாடுதுறை மண்டபங்களிலிருந்து ஒரே மாதிரி போன் வரும்: "சார், ஹால்ல கூலிங்கே இல்ல. கேஸ் தீர்ந்துபோச்சு, வந்து அடிச்சு விடுங்க." இந்த வைகாசியில் பார்த்த ஒரு மண்டபத்தில் வருடா வருடம் இப்படியே அடித்து ஓட்டியிருக்கிறார்கள். இப்போது கம்ப்ரசரே எரிந்துவிட்டது. அப்போதும் உரிமையாளர் கேட்டது, "போன வருஷம்தானே கேஸ் போட்டோம், அதுக்குள்ள எப்படித் தீரும்?"

தீராது ஐயா. வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி ஏசிக்கு கேஸ் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! ஏசியில் எந்த கேஸும் எரிந்து செலவாவதில்லை. அதே கேஸ் திரவமாகி, மறுபடி ஆவியாகி, அதே குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கசிவில்லாத மிஷினில் பத்து வருடம் கழித்தும் அப்படியே இருக்கும். ஒரு கிலோ குறைந்தால் ஒரு கிலோ வெளியே போயிருக்கிறது, வேறு கணக்கே கிடையாது. ஓட்டையை அடைக்காமல் அடித்த கேஸும் அதே வழியாகத்தான் போகும். வருடாந்திர சர்வீஸ் பில்லில் 'கேஸ் டாப்-அப்' என்ற வரி தவறாமல் வருகிறதா? உங்கள் மிஷினில் ஓட்டை இருக்கிறது, அதை யாரும் தேடவில்லை.

கேஸ் குறைந்தால் கம்ப்ரசர் சூடேறிச் சாகும். அது தெரிந்த கதை.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி லாட்ஜ்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உப்புக் காற்று வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகளைப் பொடியாக்கும், காப்பரையும் அரிக்கும். நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவுங்கள், உவர்ப்பான போர் தண்ணீர் வேண்டாம். குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பசை தெரிந்தால் பெரும்பாலும் கசிவு அங்கேதான். இதற்கு மெக்கானிக் வேண்டாம், நீங்களே பார்க்கலாம்.

இன்னொரு கொடுமை, கைக்குக் கிடைத்த கேஸை அடிப்பது. ஏசி கேஸில் ஆர்-22, ஆர்-410ஏ என்று பல வகை உண்டு, ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. ஆர்-22 மிஷினில் ஆர்-410ஏ அடித்தால் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். அதற்கு வேண்டிய கம்ப்ரசர் எண்ணெயும் வேறு. ஆர்-407சி மூன்று கேஸின் கலவை, கசியும்போது மூன்றும் ஒரே அளவில் போகாது, மிச்சமிருக்கும் கலவை மாறிவிடும். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும். புரோப்பேன் சட்டென்று பற்றும். அதற்கென்று செய்யாத மிஷினில், கூட்டம் நிறைந்த மண்டபத்தில், அதை அடிக்கவே கூடாது.

வெளியேறும் ஒரு கிலோ ஆர்-410ஏ, சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்குகிறது. இந்த வகை கேஸ்களைக் குறைக்க 2016-ல் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் உலக நாடுகளிடையே உடன்பாடு வந்தது, 2021-ல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. மழைக்கும் மேட்டூர் திறப்புக்கும் காத்திருக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைக் காற்றில் விடுகிறோம்.

மெக்கானிக் தம்பிகளே, நைட்ரஜன் ஏற்றி பிரஷர் நிற்கிறதா பாருங்கள். சோப்பு நுரை வைத்துக் கசிவைப் பிடித்து அடையுங்கள். வேக்யூம் போட்டு, அதாவது குழாய்க்குள் இருப்பதை பம்ப்பால் உறிஞ்சி எடுத்து, அப்புறம் எடை பார்த்து கேஸ் ஏற்றுங்கள். நைட்ரஜன் இல்லையென்று ஆக்சிஜனை ஏற்றாதீர்கள். கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும், உயிர் போகும். தயவுசெய்து வேண்டாம்.

உரிமையாளர்களே, இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் கூப்பிட்டு அவசரப்படுத்தாதீர்கள். மார்கழியில் மண்டபம் சும்மாதானே இருக்கிறது, அப்போது கூப்பிடுங்கள். எந்த கேஸ், எத்தனை கிலோ, கசிவு எங்கே இருந்தது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுப்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.