ரத்தத்தில் ஏறும் ஆல்கஹால்: எத்தனை பெக் என்பது பாதிக் கணக்கே

குடித்துவிட்டு விபத்தில் சிக்கி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களில் சிலர் தடுமாறாமல் பேசுவார்கள். பெயர், வயது, முகவரி எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டு, "ஸ்டெடியாத்தான் இருக்கேன் டாக்டர், ரெண்டே பெக்தான்" என்பார்கள். ஆனால் ரத்தப் பரிசோதனை காட்டும் ஆல்கஹால் அளவு, அதாவது அந்த எண், அந்தப் பேச்சோடு பல நேரம் பொருந்துவதில்லை. தன் நிதானத்தைத் தானே அளந்துவிடலாம் என்று நம்புவது எவ்வளவு ஆபத்தானது என்பது, அந்த எண் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் புரியும்.

ஆல்கஹாலுக்குச் செரிமானம் தேவையில்லை. அதில் ஒரு சிறு பகுதி இரைப்பையின் சுவர் வழியாகவும், பெரும்பகுதி சிறுகுடல் வழியாகவும் நேரடியாக ரத்தத்தில் கலக்கிறது. ஆகவே, இரைப்பை தன்னிடம் உள்ளதை எவ்வளவு வேகமாகச் சிறுகுடலுக்குத் தள்ளுகிறது என்பதே முதலில் கவனிக்க வேண்டியது. வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் அளவு உச்சத்தைத் தொட்டுவிடும். நன்றாகச் சாப்பிட்ட பிறகு குடித்தால் உச்சம் தாமதமாகும், குறையவும் செய்யும். கொழுப்பான உணவு வயிற்றில் ஒரு படலமாகப் படிந்து ஆல்கஹாலைத் தடுத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் உணவு இரைப்பை காலியாவதைத்தான் தாமதப்படுத்துகிறது. சோடா போன்ற வாயு நிறைந்த பானங்களோடு கலந்து குடிக்கும்போது சிலருக்கு ஆல்கஹால் வேகமாக ஏறுவதுண்டு. இரைப்பையின் அளவைக் குறைக்கும் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, முன்பு பழகிய அதே அளவுகூட மிக விரைவாகவும் மிக உயரமாகவும் ஏறும்.

ரத்தத்தில் கலந்த ஆல்கஹால் உடலில் நீர் உள்ள இடமெல்லாம் பரவுகிறது. கொழுப்புத் திசுவுக்குள் அது அதிகம் போவதில்லை. ஒரே அளவு உப்பைச் சின்னச் சட்டியிலும் பெரிய அண்டாவிலும் கரைப்பது போலத்தான் இது. ஸ்வீடனைச் சேர்ந்த வேதியியலாளர் எரிக் விட்மார்க் வகுத்த கணக்கை இன்றும் பயன்படுத்துகிறோம்: குடித்த ஆல்கஹாலின் எடையை, உடல் எடையையும், உடலில் ஆல்கஹால் பரவும் பங்கைக் குறிக்கும் ஒரு காரணியையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். அந்தக் காரணி ஆண்களுக்குச் சராசரியாக 0.68, பெண்களுக்கு 0.55. 40 சதவீத மது 60 மில்லியில் ஏறத்தாழ 19 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 80 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது 100 மில்லி ரத்தத்தில் சுமார் 35 மில்லிகிராம் வரை ஏறக்கூடும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கோ அது 70-ஐ நெருங்கும். கிளாஸ் ஒன்றுதான், எண் இரு மடங்கு. ஒரே மேசையில் ஆளுக்கு ஆள் சமமாக ஊற்றிக்கொள்வது நியாயமாகத் தோன்றலாம். உடலுக்கு அந்த நியாயம் தெரியாது. வயதாக ஆக உடலில் நீரின் பங்கு குறைவதால், முன்பு தாங்கிய அளவு முதுமையில் கூடுதலாக ஏறும்.

ஏறுவதற்கு இத்தனை காரணங்கள் இருந்தாலும், இறங்குவதற்குக் கிட்டத்தட்ட ஒரே வழிதான். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கல்லீரலே சிதைக்கிறது. மிச்சம் மூச்சு, சிறுநீர், வியர்வை வழியாக வெளியேறுகிறது. கல்லீரலின் வேகம் பெரும்பாலானவர்களுக்கு 100 மில்லி ரத்தத்தில் மணிக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரைதான். காபி விழிப்பைத் தரலாம், குளிர்ந்த நீரில் குளித்தால் உடல் சிலிர்க்கலாம், எண் இறங்காது. வாந்தி எடுத்தாலும் வயிற்றில் மிச்சமிருப்பதுதான் வெளியே வரும், ரத்தத்தில் கலந்தது வராது. நள்ளிரவில் 150 இருந்தவருக்கு, மணிக்கு 15 வீதம் குறைந்தாலும் காலை ஆறு மணிக்கு 60 மிச்சமிருக்கும். நன்றாகத் தூங்கி எழுந்துவிட்டோம் என்ற தெம்பில் அவர் வண்டியை எடுக்கும் நேரம் அது.

தினமும் குடித்துப் பழகியவரின் மூளை உயர்ந்த அளவுக்கும் இசைந்துபோவதால் நடையும் பேச்சும் சரியாகத் தெரியும். ஆனால் வண்டி ஓட்டத் தேவையான கணிப்பும் எதிர்வினை வேகமும் அதே அளவுக்குப் பாதிப்பிலிருந்து தப்புவதில்லை. இதற்கு நேர்மாறாக, தூக்க மாத்திரையோ சளிக்கான சில மாத்திரைகளோ எடுத்துக்கொண்டவருக்கு எண் குறைவாக இருந்தாலும் மயக்கம் கடுமையாக இருக்கும். மாத்திரை ஆல்கஹால் அளவைக் கூட்டுவதில்லை, அதன் விளைவைத்தான் கூட்டுகிறது.

நான் அதிகம் அஞ்சுவது, "மட்டையாயிட்டான், தூங்கட்டும், தெளிஞ்சிடும்" என்று நண்பர்கள் ஒருவரைத் தனியே விட்டுவிட்டுப் போவதைத்தான். கடைசி அரை மணி நேரத்தில் வேகமாகக் குடித்தது இன்னும் வயிற்றில் இருப்பதால், அவர் நினைவிழந்த பிறகும் அளவு ஏறிக்கொண்டே இருக்கலாம். அப்படிப்பட்டவரை மல்லாக்கப் படுக்க விடாமல் ஒருக்களித்துக் கிடத்தி, யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தட்டி எழுப்பியும் எழாவிட்டாலோ, நிமிடத்துக்கு எட்டு முறைக்கும் குறைவாக மூச்சு விட்டாலோ, இரு மூச்சுகளுக்கு இடையே பத்து விநாடிக்கு மேல் இடைவெளி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, வீட்டில் திட்டுவார்களே என்று யோசிக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்; என்னென்ன, எப்போது குடித்தார், எந்த மாத்திரை சாப்பிட்டார் என்பது தெரிந்த ஒருவர் அவருடன் வரட்டும்.