ஆசிலோஸ்கோப் வாங்கும் முன்: கிரவுண்ட் கிளிப் எங்கே போய் முடிகிறது?

சென்ற மழைக்காலத்தில் ஒரு பொறியியல் மாணவர், செயலிழந்த மடிக்கணினியையும் அதனோடு இணைத்துப் பயன்படுத்தும் யூஎஸ்பி வகை ஆசிலோஸ்கோப்பையும் (மின் அலைகளின் வடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) என் பழுதுநீக்கும் மேசைக்குக் கொண்டுவந்தார். எல்இடி பல்புக்கு மின்சாரம் தரும் டிரைவர் பலகையில் அலைவடிவத்தைப் பார்ப்பதற்காக ப்ரோபின் (அளவிடும் கம்பி) கிரவுண்ட் கிளிப்பை அதன் மைனஸ் முனையில் மாட்டியிருக்கிறார். மாட்டிய நொடியில் பொறி பறந்திருக்கிறது. மைனஸ் என்றால் கிரவுண்ட் என்றுதான் பேட்டரிச் சுற்றுகள் அவரைப் பழக்கியிருந்தன. ஆனால் இத்தகைய டிரைவர்கள் பலவற்றில் அந்த மைனஸ் முனை ஏசியை டிசியாக மாற்றும் பிரிட்ஜ் டயோடுகள் வழியாக 230 வோல்ட் மின்சாரத்துடன் நேரடித் தொடர்பில் இருக்கிறது. கிளிப்போ ஸ்கோப், மடிக்கணினி, மூன்று முள் சார்ஜர் ஆகியவற்றின் வழியாக எர்த்துக்குப் போய்ச் சேர்கிறது; அதனால்தான் ஷார்ட் சர்க்யூட் ஆகிவிட்டது.

மேசையில் வைக்கும் ஸ்கோப்களிலும் பெரும்பாலும் இதே நிலைதான்: எல்லாச் சேனல்களின் கிளிப்புகளும் உள்ளே ஒன்றாக இணைந்து எர்த்தில் முடிகின்றன. இதைத் தவிர்க்க பிளக்கின் எர்த் முள்ளைத் துண்டிப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அப்படிச் செய்தால் ஸ்கோப்பின் உலோகப் பகுதிகள் அனைத்திலும் மின்சாரம் ஏறிவிடும் என்பதால், இதை மட்டும் செய்யவே வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். மின்சாரத்தோடு நேரடியாக இணைந்த சுற்றை அளக்க, அதற்குரிய வோல்டேஜ் தரம் கொண்ட டிஃபரன்ஷியல் ப்ரோப் (எர்த்தோடு இணைக்காமல் இரு புள்ளிகளுக்கு இடையிலான வோல்டேஜை அளப்பது) தேவை.

எனவே, எத்தனை மெகாஹெர்ட்ஸ் வேண்டும் என்று கேட்பவர்களிடம், எதை அளக்கப் போகிறீர்கள் என்றே நான் முதலில் கேட்கிறேன். ஸ்கோப்பின் பேண்ட்விட்த் (அது காட்டக்கூடிய அதிர்வெண்ணின் எல்லை) 50 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால், அந்த அதிர்வெண்ணில் சைன் அலையின் உயரம் ஏறத்தாழ 70 சதவீதமாகக் குறைந்து தெரியும் என்பதே பொருள். சதுர அலையின் வடிவம் ஓரளவு சரியாகத் தெரிய அதன் அதிர்வெண்ணைப் போல் ஐந்து மடங்கு பேண்ட்விட்த் வேண்டும். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகையின் 16 மெகாஹெர்ட்ஸ் கிளாக்குக்கு அது 80 ஆகிறது. ஆயினும் ஆடியோ, பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தை மாற்றிக் கட்டுப்படுத்தும் முறை), 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சி (சிப்புகளுக்கு இடையிலான தரவு இணைப்பு) போன்ற வேலைகளுக்கு 50 தாராளம். டிஎஸ்ஓ 138 என்ற சிறு கிட்டின் எல்லை 200 கிலோஹெர்ட்ஸ்தான். ஆடியோ பழக அது போதும், எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகை பவர் சப்ளை) பழுதுபார்க்கப் போதாது.

விளம்பரத்தில் பெரிதாகத் தெரியாத மெமரி அளவைத்தான் நான் கூர்ந்து பார்ப்பேன். நொடிக்கு 100 கோடி சாம்பிள் (அலையின் அளவுப் புள்ளி) எடுக்கும் ஸ்கோப்புக்கு, ஒரே ஒரு மில்லிநொடியைப் பதிவுசெய்யவே 10 லட்சம் புள்ளிகள் வேண்டும். மெமரி குறைவாக இருந்தால், திரையில் நேரத்தை நீட்டும்போது ஸ்கோப் தன் சாம்பிள் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நாம் தேடும் நுண்ணிய கோளாறு திரைக்கு வராமலே போய்விடும். இரண்டு சேனல்களை இயக்கினால் அந்த வேகமும் பல மாடல்களில் பாதியாகிவிடும். ப்ரோபை 1எக்ஸ் (சிக்னலைக் குறைக்காத) நிலையில் வைத்தால் பேண்ட்விட்த் பொதுவாக 10 மெகாஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கிவிடுவதால், வழக்கமான வேலைக்குச் சிக்னலைப் பத்தில் ஒன்றாக்கும் 10எக்ஸ் நிலையே ஏற்றது.

அந்த மாணவர் 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் 50 மெகாஹெர்ட்ஸ் மேசை ஸ்கோப் ஒன்றும், மீதிக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (மின் இணைப்போடு நேரடித் தொடர்பின்றி மின்சாரம் தருவது) ஒன்றும் வாங்கியிருக்கிறார். அந்த டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அவர் மின்சாரம் கொடுப்பது ஸ்கோப்புக்கு அல்ல, பல்புக்கு.