மலைநாட்டுக் குளிரை நம்பி நாயை வேனுக்குள் தனியே விடாதீர்கள்

சித்திரை சீசனிலும் மார்கழி விடுமுறையிலும் நுவரெலியாவுக்கு ஏறிவரும் வேன்களில் இப்போது நாய்களையும் காண்கிறோம். பின்சீட்டை மடித்து மெத்தை விரித்து, ஒரு கேஸ் அடுப்போடு இரண்டு மூன்று நாள் தங்கிப் போகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகளும் அப்படித்தான். நாயை வீட்டில் தனியே விடாமல் கூட்டி வருவது நல்லதே. ஆனால் மிருக வைத்தியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு பேச்சு உண்டு: “இங்கே குளிர்தானே, நாய்க்கு ஒன்றும் ஆகாதே!”

ஆகும். வெளியே 21 பாகை செல்சியஸ் இருக்கும் நாளில், வெயிலில் நிறுத்திப் பூட்டிய வேனுக்குள் பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 32 பாகை. அரை மணியில் 40. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிதாக ஒன்றும் மாறாது. வெயில் கண்ணாடி வழியே நுழைந்து சீட்டையும் தளத்தையும் சுடவைக்கும், அந்தச் சூடு வெளியேற வழியிருக்காது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை ஆற்றும். சுற்றியுள்ள காற்றே சூடாகிப் புழுங்கினால் அதுவும் பலிக்காது. பக், புல்டோக் போன்ற சப்பை மூக்கு நாய்கள்தான் முதலில் விழும்.

ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். அது தேசியப் பூங்கா, நாய்க்கு அனுமதியில்லை. உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்த்துச் சுற்றி வர ஏறக்குறைய 9 கிலோமீற்றர் நடை, மூன்று மணி நேரமாவது போகும். ஒருவர் தங்குமிடத்தில் நாயோடு நிற்க வேண்டும். நிற்க ஆளில்லையென்றால் அந்த இடத்தைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள்.

நாய் விடாமல் இரைத்து, கோழைபோல் எச்சில் வடித்து, ஈறு செக்கச் சிவந்து, கால் தள்ளாடினால் சூடு தலைக்கேறிவிட்டது. முதலில் குளிரவையுங்கள், பிறகுதான் வண்டியை எடுங்கள். நிழலில் கிடத்தி வயிறு, தொடையிடுக்கு, பாதங்களில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் தேடி அலைய வேண்டாம், மலைநாட்டுப் பீலித் தண்ணீரே போதும். ஈரத்துவாயைப் போர்த்தி அப்படியே விடக்கூடாது. சற்று நேரத்தில் துவாயே சூடாகி உள்ளே வெக்கையை அடைக்கும். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை வரை. வெப்பமானியில் 39.5க்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். எழுந்து வாலாட்டினாலும் வைத்தியரிடம் காட்டியே தீர வேண்டும். சிறுநீரகமும் ஈரலும் கெட்டது ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியவரும்.

இரவில் குளிரே ஆபத்தைக் கொண்டுவரும். கண்ணாடிகளை இறுக மூடி, கேஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ எரியவிட்டு, அல்லது எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குகிறார்கள். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டு என்ற நச்சுவாயுவுக்கு மணமில்லை. மனிதரும் நாயும் தூக்கத்திலேயே போய்விடலாம். கேஸ் கசிந்தால் அது காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும், நாய் படுப்பதும் தரையில். ஆகவே அடுப்புத் திருகை மட்டுமல்ல, சிலிண்டரின் வாயையும் மூடிவிட்டுப் படுங்கள். கதகதப்புக்குக் கம்பளி போதும்.

நாயை வெளியே டயரில் கட்டிவைப்பதும் வேண்டாம். தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் உண்டு, நாய் அதற்குப் பிடித்த இரை. லயத்துத் தோட்டத் தொழிலாளர்களைக் கேட்டால் எந்தப் பக்கம் சிறுத்தை இறங்குகிறது என்று சொல்வார்கள், அந்தப் பேச்சைத் தட்டாதீர்கள்.

மலையேறும் நாளில் கடைசிச் சாப்பாடு ஐந்தாறு மணி நேரம் முன்பே முடியட்டும். ரம்பொடை வளைவுகளில் நாய் உதட்டை நக்கி, கொட்டாவி விட்டு, எச்சில் வடித்தால் அடுத்து வாந்திதான்; நிறுத்தி இறக்கி நடக்கவிடுங்கள். மார்புப் பட்டி போட்டுப் பின்சீட்டில் கட்டுங்கள். இறக்கத்தில் டிரைவரின் காலடிக்குள் நாய் புகுந்தால் பிரேக் மிதிக்க முடியாது. வாந்திக்கென்று நம் மாத்திரைகளையோ, உடம்பு சுடுகிறதென்று பனடோலையோ கொடுக்க வேண்டாம்.

குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்: 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 600 மில்லிலீற்றராவது வேண்டும். ஓடையில் வாய்வைத்தால் சிறு அட்டை மூக்கில் ஏறி ஒட்டி, உள்ளேயே இரத்தம் குடித்து வளரும். சில வாரம் கழித்து ஒரு மூக்குத் துளையில் மட்டும் இரத்தம், ஓயாத தும்மல். அதை வீட்டில் கிண்டி எடுக்கப் பார்க்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து நாயோடு வருவதென்றால் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதியைப் புறப்படுமுன் பெறவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் திரும்புவோர் விசர்நோய் எதிர்ப்பு அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனையை அங்கேயே முடித்துக்கொண்டு வருவது நல்லது. இங்கே வந்து எடுத்தால் இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க நேரும்.

ஊர் திரும்பியபின் தினமும் காது மடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டியின் அடி ஆகியவற்றில் உண்ணி பாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல், வெளிறிய ஈறு, பிளேன்டீ நிறத்தில் சிறுநீர் என்று வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றே இரத்தம் பார்க்க வேண்டும். நாய் இலங்கை மலைநாட்டுக்குப் போய்வந்ததை வைத்தியரிடம் நீங்களே சொல்லுங்கள். குளிர்நாட்டு வைத்தியருக்கு இந்த நோய் முதலில் நினைவுக்கு வராது.