நமக்கு நாமே திட்டம்: தெருச் சாலைக்கு அரசின் பங்கை வாங்குவது எப்படி

தமிழக அரசின் நமக்கு நாமே திட்டத்தின் கணக்கு எளிது. மதுரை மாநகராட்சியை வைத்துச் சொல்கிறேன். வேலையின் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும், மீதி அரசு நிதி. 1997-98-ல் தொடங்கி, நடுவில் நின்று, 2021-22-ல் மறுபடி உயிர் பெற்ற திட்டம். தெருச் சாலை, மழைநீர் வடிகால், பூங்கா, பள்ளிக் கட்டடம், தெருவிளக்கு, கேமரா போன்ற பொதுப் பயன்பாட்டு வேலைகளுக்குக் கேட்கலாம். குடியிருப்போர் சங்கம் கட்டலாம், தனி ஆள் கட்டலாம், கடை சங்கமோ கம்பெனியோ கட்டினாலும் சரி.

சிக்கல் பணம் பிரிக்கும் இடத்தில்தான் தொடங்கும். அறுபது வீடு உள்ள ஒரு தெரு, சிமெண்ட் சாலைக்கு 9 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒன்று 3 லட்சம், வீட்டுக்கு 5,000 என்று கூட்டத்தில் பேசி முடித்துவிடுவார்கள். ஆனால் ஒப்பந்தப் பணிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அதைச் சேர்த்தால் மதிப்பீடு 10,62,000. மக்கள் பங்கு 3,54,000, வீட்டுக்கு 5,900. அந்த 900 ரூபாயை இரண்டாம் சுற்றில் கேட்டு வாங்குவதற்குள் சங்கச் செயலாளருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஆகவே "வரியோட சேர்த்து எவ்வளவு சார்?" என்று வார்டு பொறியாளரிடம் கேட்டு, அந்தத் தொகையை எழுத்தில் வாங்கிய பிறகு வசூலில் இறங்குங்கள்.

இன்னொன்று: அறுபதால் வகுக்காதீர்கள். பூட்டிக் கிடக்கும் வீடு, காலி மனை, வெளியூர் உரிமையாளர் என்று எந்தத் தெருவிலும் சிலர் கழிவார்கள். ஐம்பதால் வகுத்து 7,080 வாங்குங்கள். மற்றவர்களும் கட்டிவிட்டால் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். குறைந்த பணத்தைத் தேடி அலைவதைவிட மிஞ்சியதைப் பங்கிடுவது சுலபம்.

மனு கொடுப்பதற்கு முன் அந்த இடம் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான மனுக்கள் தடுக்கி விழுவது இங்கேதான். மனைப்பிரிவுச் சாலையும் பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒப்படைக்காத சாலை, தாளில் இன்னும் தனியார் நிலம். அதில் பொதுப்பணம் போட முடியாது. மனை போட்டவர் பத்திரம் எழுதித் தந்தாரா என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். கண்மாய்க் கரையில் நடைபாதை கேட்பதென்றால், கண்மாய் பெரும்பாலும் நீர்வளத் துறையின் கணக்கில் இருக்கும். அவர்களுடைய தடையின்மைச் சான்று இல்லாமல் மாநகராட்சிக் கோப்பு நகராது.

அடுத்து, மண்ணுக்கு அடியில் என்ன பாக்கி இருக்கிறது? 2011-ல் அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும் திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி பேரூராட்சிகளும் 11 ஊராட்சிகளும் சேர்ந்தபோது மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டு ஆனது. பாதாளச் சாக்கடையும் முல்லைப் பெரியாறு குடிநீர்க் குழாயும் இந்த விரிவாக்கப் பகுதிகளுக்குப் பகுதி பகுதியாகத்தான் வந்துகொண்டிருக்கின்றன. உங்கள் தெருவில் அவை முடியாமல் சாலை போட்டால், காசு கொடுத்துப் போட்ட சாலையை ஜேசிபி தோண்டுவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். குழாய் பதித்து, வீட்டு இணைப்பும் கொடுத்து, பள்ளத்தை மூடிய மண் ஒரு மழை குடித்து இறுகிய பிறகே சாலைக்கு மனு போடுங்கள். பாதாளச் சாக்கடையின் ஆள் இறங்கு குழி மூடி சாலை மட்டத்துக்கு உயர்த்தப்படுமா என்பதையும் மதிப்பீட்டிலேயே பார்த்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால் புதுச் சாலையின் நடுவில் ஒரு அடிக் குழி நிற்கும்.

மனு ஆணையர் பேருக்கு. நகல் மண்டல அலுவலகத்துக்கும் வார்டு கவுன்சிலருக்கும். பொறியாளர் இடத்தை அளந்து மதிப்பீடு தயாரிப்பார். மக்கள் பங்கை வங்கி வரைவோலையாக (டிடி) கட்டியதும் நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர் என்று கோப்பு போகும். ரொக்கமாக யார் கையிலும் கொடுக்காதீர்கள். வேலை உத்தரவு வந்ததும் ஒப்பந்த நகல் கேட்டு, தடிமன், நீளம், அகலம், கான்கிரீட் தரம் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு அங்குலம் என்று இருக்கும் இடத்தில் ஓரத்தில் மட்டும் ஆறு அங்குலம் தெரியும்படி போட்டு, நடுவில் மண்ணை மேடாக்கிவிடும் வித்தை பழையது. கலவை கொட்டுவதற்கு முன் ஒரு நூலைக் குறுக்கே கட்டி, நடுவிலும் அளந்து பார்த்தால் போதும்.

இதையெல்லாம் மாநகராட்சியே செய்யக் கூடாதா, இத்தனை கோடி மானியம் வருகிறதே என்ற கேள்வி நியாயம்தான். வரும் மானியம் ஒவ்வொன்றும் பேர் எழுதி வரும் பணம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மத்திய அரசு ஒரு நகரத்துக்கு 500 கோடி, அதற்குச் சமமாக மாநிலமும் நகரமும் சேர்ந்து 500 கோடி என்று இருந்தது. 2016-ல் தேர்வான மதுரையில் அந்தப் பணம் பெரியார் பஸ் நிலையம், பல அடுக்கு வாகன நிறுத்தம் என்று குறித்த வேலைகளுக்கே போனது. அதைத் திருப்பி விளாங்குடித் தெருவுக்குப் போட வழியிருக்கவில்லை.

2021 அக்டோபரில் வந்த மத்திய அரசின் அம்ருத் 2.0 திட்டம் குடிநீருக்கும் கழிவுநீருக்கும். அதிலும் ஊரின் அளவைப் பார்த்துத்தான் பங்கு. பத்து லட்சம் மக்களைத் தாண்டிய மதுரைக்கு மத்தியப் பங்கு 25 சதவீதம். ஒரு லட்சத்துக்குக் குறைந்த மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் போன்ற நகராட்சிகளுக்கு 50 சதவீதம். அதுவும் 20, 40, 40 என்று மூன்று தவணை. முன் தவணையைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்று போகாமல் அடுத்தது வராது. குழாய் பாதித் தெருவோடு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சொத்து வரியும் இந்தக் கணக்கில் உண்டு. உள்ளாட்சிகளுக்கான மத்திய மானியத்தைப் பரிந்துரைக்கும் 15-வது நிதிக் குழு, 2021-26 மானியத்துக்குத் தகுதி பெற, சொத்து வரியின் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதாரம் வளரும் வேகத்துக்கு வரி வசூலும் வளர வேண்டும், வரவு செலவுக் கணக்கை இணையத்தில் போட வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. 2022 ஏப்ரலில் தமிழகம் முழுக்க வரி கூடியபோது அரசு சொன்ன காரணங்களில் இதுவும் உண்டு. மதுரை போன்ற ஊர்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 அடிக்கு மேல் 100 சதவீதம் ஏறியது. தெருவில் வரி பாக்கி நிறைய இருந்தால், மனுவோடு போகும்போது அலுவலகத்தில் முதலில் அந்தப் பேச்சுதான் வரும். வசூலுக்குப் போகும்போதே வீடு வீடாக வரி ரசீது எண்ணையும் குறித்து வந்து, மனுவோடு இணைத்துவிடுங்கள்.